அத்தியாயம் 7: கப்பலில் குளிர்பானம் – எது இலவசம், எதற்குக் காசு

கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் எடுத்தவர்களில் பலர், உள்ளே போனால் சாப்பாடு, குடிப்பது எல்லாம் அதிலேயே அடங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள். சாப்பாட்டைப் பொறுத்தவரை பெரும்பாலும் அது சரி. கோலாவும் ஸ்ப்ரைட்டும் அப்படியல்ல. பிள்ளைகள் நீச்சல் குளத்தருகே உள்ள பாரில் அறை அட்டையை நீட்டி நீட்டி வாங்கிக் குடித்த குளிர்பானத்துக்கு, கடைசி நாள் காலையில் பெரிய பில் வந்து நிற்கும்.

இந்த அத்தியாயம், ஃப்ளோரிடாவின் மயாமி, ஃபோர்ட் லாடர்டேல், போர்ட் கானவெரல் துறைமுகங்களிலிருந்து கரீபியக் கடலுக்குப் போகும் பெரிய கப்பல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கப்பலேறும் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் போவது பெரும்பாலும் இவற்றில்தான். சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியன் கப்பலில் போகிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். அங்கேயும் கப்பலுக்குள் கணக்கு அமெரிக்க டாலரில்தான்.

கார்னிவல், ராயல் கரீபியன் ஆகிய இரு பெரிய குழுமங்களின் மொத்த வருவாயில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, டிக்கெட்டுக்கு வெளியே வருகிற காசு. பானம், சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணையம் எல்லாம் சேர்ந்தது அது. டிக்கெட் விலையைக் குறைத்து வைத்துவிட்டு இதில் எடுக்கிறார்கள். ஆகவே எந்தப் பணியாளரும் உங்களிடம் வந்து "இது வேண்டாம், அங்கே இலவசமாகக் கிடைக்கிறது" என்று சொல்ல மாட்டார். அதை நீங்கள்தான் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் இலவசமானவை

பெரிய கப்பல்கள் பெரும்பாலானவற்றில் கீழே உள்ளவற்றுக்குக் காசு இல்லை:

- குடிநீர், ஐஸ்
- சாதாரணக் காபி, டீ, பால்
- ஐஸ்டு டீ (அமெரிக்க வழக்கப்படி பெரும்பாலும் சர்க்கரை சேர்க்காதது)
- லெமனேட் (வாயு இல்லாத, இனிப்பான எலுமிச்சைச் சாறு)
- காலை உணவு நேரத்தில் ஆரஞ்சு, ஆப்பிள் போன்ற பழச்சாறுகள்

இவை பஃபே சாப்பாட்டுக் கூடத்தில் கிடைக்கும். ராயல் கரீபியனில் அதற்கு விண்ட்ஜாமர் என்று பெயர்; கார்னிவலில் லிடோ. பஃபே பானக் குழாய்கள் பல கப்பல்களில் இரவிலும் திறந்திருக்கும். கப்பல் ஏறியதும் அந்தக் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்று வீட்டுப் பெரியவர்களை அழைத்துப்போய்க் காட்டிவிடுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீரும்.

கப்பல் தண்ணீர் குடிக்கலாமா என்று நிறையப் பேர் தயங்குகிறார்கள். கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ, சவ்வு வழியாக வடிகட்டியோ எடுத்து, குளோரின் சேர்த்து, சோதித்துத் தருகிறார்கள். சில துறைமுகங்களில் கரையிலிருந்தும் நிரப்பிக்கொள்வதுண்டு. தைரியமாகக் குடிக்கலாம். ஐஸும் அதே தண்ணீர்தான். பாட்டில் தண்ணீருக்கென்று காசு செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. பாட்டில்தான் வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால், புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் பெட்டியாக வாங்கி அறைக்கு வரவழைத்துக்கொள்ளும் வசதி கார்னிவல் போன்ற நிறுவனங்களில் உண்டு. அறையில் வைத்திருக்கும் ஒற்றைப் பாட்டிலைவிட அது மலிவு.

காசுக்கு விற்பது மூன்று விதம்

ஒன்று, கோப்பைக் கணக்கு. பாரிலோ சாப்பாட்டு மேசையிலோ கேட்டு வாங்குவது. ஒரு கோப்பை ஏறக்குறைய 3 முதல் 4 டாலர். அதன்மேல் சேவைக் கட்டணம் 18 முதல் 20 சதவீதம் தானாகவே ஏறும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அந்த மாநிலத்தின் விற்பனை வரியும் சேரலாம்.

இரண்டு, சோடாத் தொகுப்பு. நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் பயணம் முடியும்வரை வேண்டுமளவு குடிக்கலாம். ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 10 முதல் 15 டாலர், அதன்மேல் சேவைக் கட்டணம். ராயல் கரீபியனில் இதற்கு கிளாசிக் சோடா பேக்கேஜ் என்று பெயர்; கார்னிவலில் பாட்டம்லெஸ் பபிள்ஸ்.

மூன்று, பெரிய தொகுப்புகள். ராயல் கரீபியனின் ரிஃப்ரெஷ்மென்ட் பேக்கேஜில் சோடாவோடு உயர்ரகக் காபி, புதிதாகப் பிழிந்த சாறு, பாட்டில் தண்ணீர், மது கலக்காத மாக்டெயில் எல்லாம் வரும். விலை சோடாத் தொகுப்பைப் போல இரு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். மதுவும் சேர்ந்த தொகுப்பு வாங்கினால் சோடா அதிலேயே அடக்கம். தனியாக வாங்க வேண்டாம். ஆனால் மதுத் தொகுப்பில் ஒரு நிபந்தனை உண்டு. அறையில் ஒரு பெரியவர் வாங்கினால் அதே அறையில் இருக்கும் மற்றப் பெரியவர்களும் வாங்கியாக வேண்டும் என்பது ராயல் கரீபியனிலும் கார்னிவலிலும் பொது விதி. சோடாத் தொகுப்புக்கு இந்தக் கட்டாயம் கிடையாது. ஒரே அறையில் மகனுக்கு மட்டும் வாங்கிவிட்டு மற்றவர்கள் சும்மா இருக்கலாம். குடும்பமாகப் போகிறவர்களுக்கு இதுதான் பெரிய அனுகூலம். இது தெரியாமல் நான்கு பேருக்கும் வாங்கிவிடுகிறவர்கள் ஏராளம்.

உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

பேனாவும் தாளும் எடுத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். குடும்பத்துக்கு மொத்தமாகப் போடாதீர்கள். ஆள் ஆளாகப் போடுங்கள்.

1. உங்கள் கப்பலின் இணையக் கணக்கில் நுழைந்து சோடாத் தொகுப்பின் ஒரு நாள் விலையைக் குறித்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

2. சேவைக் கட்டணத்தைக் கூட்டுங்கள். 18 சதவீதம் என்றால் 12 டாலர் 14.16 ஆகிறது.

3. ஒரு கோப்பையின் விலையை அதே போலக் கணக்கிடுங்கள். 3.50 டாலர் என்றால் கட்டணத்தோடு 4.13.

4. முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 14.16-ஐ 4.13-ஆல் வகுத்தால் 3.4 வருகிறது. அதாவது, நாள்தோறும் நான்கு கோப்பை குடிப்பவருக்குத்தான் தொகுப்பு லாபம். மூன்று குடிப்பவருக்கு நட்டம்.

5. கரையில் இறங்கும் நாட்களை நினைவில் கொள்ளுங்கள். ஏழு இரவுப் பயணத்தில் மூன்று நாள் கரையில் சுற்றினால், அந்த நாட்களில் பாதிப் பகல் கப்பலிலேயே இருக்க மாட்டீர்கள். ஏறும் நாளில் மதியம்தான் உள்ளே போவீர்கள். கட்டணமோ எல்லா நாளுக்கும் ஒன்றுதான். கடல் நாளில் ஐந்து கோப்பை குடிக்கும் பையன் கரை நாளில் இரண்டுதான் குடிப்பான்.

6. மொத்தத்தைப் பாருங்கள். 14.16 டாலர் ஏழு நாளுக்கு 99.12. நான்கு பேருக்கு 396.48. நாளுக்கு ஒரே ஒரு கோப்பை குடிக்கும் அப்பாவுக்குக் கோப்பைக் கணக்கில் ஏழு நாளுக்கும் 28.91 டாலர்தான் ஆகும்.

வீட்டில் கோலா குடிக்கும் வழக்கமே இல்லாத தாத்தா பாட்டிக்குத் தொகுப்பு வாங்கவே வாங்காதீர்கள். காசு கட்டிவிட்டோமே என்பதற்காகக் குடிக்கத் தோன்றும். அது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. என் கணிப்பில், பெரும்பாலான நம் குடும்பங்களில் தொகுப்புக்குத் தகுதியானவர் ஒருவரோ இருவரோதான். பதின்ம வயதுப் பிள்ளைகள், அல்லது நாள் முழுக்க டயட் கோக் கையில் வைத்திருக்கும் பழக்கமுள்ள ஒரு பெரியவர்.

*குறிப்பு:* தொகுப்பைப் புறப்படுவதற்கு முன்பே இணையத்தில் வாங்குங்கள். கப்பலில் வாங்குவதைவிட முன்கூட்டி வாங்கும் விலை பெரும்பாலும் குறைவு. ராயல் கரீபியனில் விலை அடிக்கடி ஏறி இறங்கும். வாங்கிய பிறகு விலை குறைந்தால், புறப்படுவதற்கு முன் பழையதை ரத்து செய்துவிட்டுப் புது விலையில் வாங்கிக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை எட்டிப்பாருங்கள்.

*குறிப்பு:* நாள் கணக்கில் வாங்க விடமாட்டார்கள். கடல் நாள் மூன்றுக்கு மட்டும் போதும் என்று கேட்டால் நடக்காது; முழுப் பயணத்துக்கும் எடுக்க வேண்டும். இடையில் வாங்கினால் அன்றிலிருந்து மீதி நாட்களுக்குக் கட்டுவதுதான் வழக்கம்.

கப்பலுக்குக் கப்பல் வேறுபாடு

நண்பர் ஒரு கப்பலில் போய்வந்த அனுபவத்தை வைத்து இன்னொரு கப்பலுக்குத் திட்டமிடுவதுதான் நான் மிக அதிகம் பார்க்கும் தவறு. விதிகள் அவ்வளவு வேறு வேறு.

டிஸ்னி கப்பல்களில் சாப்பாட்டு மேசையிலும், மேல்தளத்தில் நீங்களே பிடித்துக்கொள்ளும் பானக் குழாய்களிலும் குளிர்பானம் இலவசம். பாரிலோ அறைக்கு வரவழைத்தோ வாங்கினால் காசு. டிஸ்னிக்கு டிக்கெட் விலை அதிகம் என்பது உண்மை. ஆனால் சிறு பிள்ளைகளோடு போகிறவர் ஒப்பிட்டுப் பார்க்கும்போது இந்த இலவசத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வர்ஜின் வாயேஜஸ் கப்பல்களில் சோடா, சாதாரணச் சாறு, காபி எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். ஆனால் அங்கே 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றுவதில்லை. வைக்கிங் கடல் கப்பல்களில் மதிய, இரவு உணவோடு குளிர்பானம் வரும். அவர்களும் பிள்ளைகளை ஏற்றுவதில்லை. சில்வர்சீ, ரீஜென்ட் போன்ற சொகுசுக் கப்பல்களில் குளிர்பானத்துக்குத் தனிக் காசு இல்லை.

எந்தக் கம்பெனி பானம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராயல் கரீபியனில் கோக் வகைகள். கார்னிவல் 2020 தொடக்கத்தில் கோக்கை விட்டுப் பெப்சிக்கு மாறிவிட்டது. வீட்டில் கோக்கைத் தவிர வேறு தொடாதவர் இருந்தால் இது சின்ன விஷயமல்ல. பெப்சிக்கு ஒரு வாரக் காசைக் கட்டிவிட்டு அவர் குடிக்கவே மாட்டார்.

கையில் கொண்டுபோவது: விதியும் வழியும்

பல கப்பல்களில் குளிர்பானத்தை நீங்களே கொண்டுபோகலாம். நாளுக்கு இரண்டு கேன் குடிப்பவருக்குத் தொகுப்பைவிட இது எவ்வளவோ மேல்.

கார்னிவலில் ஆளுக்கு 12 கேன் அல்லது அட்டைப் பாக்கெட் வரை, ஒவ்வொன்றும் 12 அவுன்சுக்கு மேற்படாமல், ஏறும் நாளில் மட்டும், கைப்பையில் மட்டும். பாட்டில் கூடாது. கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இரண்டுமே இல்லை. 2015-இல் வந்த தடை அது. ராயல் கரீபியனில் ஓர் அறைக்கு 12 கேன், பாட்டில் அல்லது அட்டைப் பாக்கெட். ஆளுக்கு அல்ல, அறைக்கு. இந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் நாற்பத்தெட்டு கேனோடு போய் நிற்காதீர்கள். நார்வீஜியன் கப்பல்களில் குளிர்பானம் கொண்டுபோகவே அனுமதி இல்லை. விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் வாரத்தில் உங்கள் கப்பலின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

செய்யும் முறை:

1. விமானத்தில் வருகிறவர்கள் ஊரிலிருந்து எடுத்துவர வேண்டாம். 100 மில்லிக்கு மேல் திரவம் விமானப் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டாது. பெட்டியில் போட்டால் எடைதான் வீண். ஃப்ளோரிடாவில் இறங்கியபின் துறைமுகத்துக்குப் போகும் வழியில் வால்மார்ட்டிலோ பப்ளிக்ஸிலோ வாங்குங்கள்.

2. 12 கேன் கொண்ட அட்டைப்பெட்டியாக வாங்குங்கள். ஒரு கேன் 355 மில்லி. பன்னிரண்டும் சேர்ந்தால் நாலரைக் கிலோவுக்குமேல் கனக்கும். துறைமுகத்தில் வரிசையில் ஒரு மணி நேரம் நிற்க நேரலாம். அதைப் பெரியவர்களின் தலையில் கட்டாதீர்கள். சக்கரம் வைத்த பையில் அடியில் வையுங்கள்.

3. அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீர்கள். சோதனையிடுபவர் பார்த்ததும் விட்டுவிடுவார். பிரித்துத் துணிகளுக்கு நடுவே செருகிவைத்தால் எல்லாவற்றையும் வெளியே எடுக்கச் சொல்வார்.

4. சுமைக்காரரிடம் கொடுக்கும் பெரிய பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்தப் பெட்டி ஊடுகதிர்ச் சோதனையில் நிறுத்தப்பட்டு, மாலைவரை உங்கள் அறைக்கு வராமல் போகலாம். கீழே விழுந்து கேன் உடைந்தால் உடுப்பெல்லாம் பிசுபிசுப்பு.

5. கேனை வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் மணிக்கணக்காக விடாதீர்கள். சூட்டில் உள்ளே வாயு அழுத்தம் ஏறி கேன் வீங்கும், வெடிக்கவும் செய்யும். அறையின் பால்கனி வெயிலுக்கும் இதே எச்சரிக்கை.

6. அறைக்குப் போனதும் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள். அதில் கப்பலின் விற்பனைச் சரக்கு நிறைந்திருந்தால், அறைப் பணியாளரிடம் சொல்லி எடுத்துவிடச் செய்யுங்கள். அவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் எடுத்தாலும் பில்லில் ஏறிவிடும். கப்பல் அறைக் குளிர்பெட்டி நம் வீட்டு ஃப்ரிட்ஜைப் போலச் சில்லென்று குளிராது. தினமும் இருவேளை ஐஸ் வாளி நிரப்பித் தரச் சொல்லுங்கள், கேட்டால் மறுப்பதில்லை.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கோலா பாட்டிலில் மது கலந்து, மூடியை ஒட்டிக் கொண்டுபோகும் தந்திரங்களை இணையத்தில் படித்திருப்பீர்கள். செய்யாதீர்கள். பிடிபட்டால் பறித்துக்கொள்வார்கள். மோசமானால் கப்பலில் ஏற்ற மறுக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு: குடும்ப அறையில் கிடக்கும் கோலா பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடித்துவிடலாம்.

வாங்கியபின்: கோப்பையும் குழாயும்

ராயல் கரீபியனில் சோடாத் தொகுப்பு எடுத்தவருக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பை தருவார்கள். அதன் அடியில் மின்னணுச் சில்லு உண்டு. கோக் நிறுவனத்தின் ஃப்ரீஸ்டைல் இயந்திரம் அந்தச் சில்லைப் படித்தால்தான் பானம் ஊற்றும். தொடுதிரையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் தெரியும், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

1. ஏறிய நாளே கோப்பையை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே தருகிறார்கள் என்று எந்தப் பாரில் கேட்டாலும் சொல்வார்கள். மாலையானால் அங்கே வரிசை நீளும்.

2. கோப்பையில் பெயரை அழியாத மையால் எழுதுங்கள். ஒரே நிறத்தில் ஆயிரம் கோப்பைகள் கப்பலில் உலவும்.

3. இயந்திரத்தின் தட்டில் கோப்பையைச் சரியாக நடுவில் வையுங்கள். திரை இயங்காவிட்டால் கோப்பை பழுதென்று நினைக்க வேண்டாம். அரை விரற்கடை நகர்த்தி வைத்தாலே பெரும்பாலும் வேலை செய்யும்.

4. ஒருமுறை நிரப்பியதும் உடனுக்குடன் திரும்பத் திரும்ப நிரப்ப விடாது; இடைவெளி வைத்திருக்கிறார்கள். ஒரே கோப்பையால் வீடு முழுக்கக் குடிப்பதைத் தடுக்கத்தான் அது.

5. கோப்பை கையில் இல்லாவிட்டால் பாரில் அட்டையைக் காட்டி வாங்கலாம். இரவு உணவு மேசையில் அப்படித்தான் வாங்க வேண்டும்.

6. போன பயணத்தின் கோப்பையை எடுத்துவராதீர்கள். அந்தப் பயணம் முடிந்ததும் சில்லு செயலிழந்துவிடும்.

கார்னிவலில் இப்படிக் கோப்பை கிடையாது. பாரிலோ பரிமாறுபவரிடமோ அறை அட்டையைக் காட்டினால் கிளாசில் ஊற்றித் தருவார்கள். கேனாகக் கேட்டால் தொகுப்பில் சேராது. அறைக்கு வரவழைத்தாலும் சேராது.

ருசி ஊரில் குடிப்பதுபோல் இல்லை என்று சிலர் குறைப்படுவார்கள். காரணம் எளிது. பாரில் வருவது கேனில் அடைத்த பானமல்ல. பெட்டிக்குள் பையில் வரும் கெட்டிப்பாகு ஒரு பங்கு, வாயு ஏற்றிய கப்பல் தண்ணீர் ஏறக்குறைய ஐந்து பங்கு. கையில் பிடித்திருக்கும் துப்பாக்கி போன்ற குழாயில் இரண்டும் கலந்து வருகின்றன. வாயு குறைந்திருந்தாலோ பாகு தீரும் நிலையில் இருந்தாலோ தண்ணீராக இருக்கும். சப்பென்று இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், அல்லது அடுத்த பாரில் வாங்குங்கள். கிளாஸ் முழுக்க ஐஸைப் போட்டு மீதி இடத்தில் பானம் ஊற்றுவது அமெரிக்க வழக்கம். "லைட் ஐஸ், ப்ளீஸ்" என்று சொன்னால் போதும். கோப்பைக் கணக்கில் காசு கொடுப்பவர் இதை மறக்கவே கூடாது.

சோடா என்று மட்டும் கேட்காதீர்கள். அமெரிக்காவில் அது எல்லா இனிப்புக் குளிர்பானத்துக்கும் பொதுப்பெயர். வெறும் சோடா வேண்டுமானால் "கிளப் சோடா" என்று கேட்க வேண்டும். அதோடு நாலு எலுமிச்சைத் துண்டும் ஒரு பொட்டலம் உப்பும் கேட்டு வாங்கிப் பிழிந்து கலக்கினால், நம்மூர் உப்பு எலுமிச்சை சோடா தயார். வெயிலில் கரை சுற்றித் திரும்பும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பானம் கப்பலில் இல்லை என்பேன். கிளப் சோடாவுக்குக் காசு கேட்டால், பஃபேயில் வெறும் தண்ணீரோடு அதே கலவையைச் செய்துகொள்ளுங்கள். டீ வைக்கும் இடத்தில் எலுமிச்சைத் துண்டு இருக்கும்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாத இரண்டு: ரூட் பியர், ஜிஞ்சர் பியர். கப்பலின் குளிர்பானப் பட்டியலில் வரும் இவை இரண்டிலும் மது இல்லை. ஆனால் ரூட் பியரில் வலி நிவாரணத் தைலத்தின் வாசனை அடிக்கும். அந்தத் தைலங்களில் உள்ள விண்டர்கிரீன் மணம்தான் இதிலும். முதலில் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பாதுகாப்பு

*சர்க்கரை.* 355 மில்லி கோக் கேன் ஒன்றில் 39 கிராம் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது. அளவில்லாத் தொகுப்பு எடுத்த பிள்ளை நாலு கேன் அளவு குடித்தால் 156 கிராம். பெற்றோர் ஏறும் முன்பே ஓர் ஒப்பந்தம் பேசிவிடுவது நல்லது: முதல் இரண்டு இனிப்பு, அதற்குமேல் சர்க்கரை இல்லாத வகை. மாலை ஆறு மணிக்குமேல் கோலா வேண்டாம். அதிலுள்ள காஃபீன் பிள்ளைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். டயட் கோக்கில் காஃபீன் சாதாரணக் கோக்கைவிட அதிகம் என்பது பலருக்குத் தெரியாது: கேனுக்கு 46 மில்லிகிராம், சாதாரணத்தில் 34.

*நீரிழிவு.* டயட் என்று கேட்டுச் சாதாரணம் வந்துவிடும் ஆபத்து பாரில் எப்போதும் உண்டு. குழாய் ஒன்று, பொத்தான்தான் வேறு. சர்க்கரை நோயுள்ள அம்மாவுக்கு வாங்கும்போது வீட்டில் வேறொருவர் முதலில் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சந்தேகமானால் கேனாகக் கேட்டு எழுத்தைப் படியுங்கள். இன்சுலின் போடுகிறவர் அறையில் ஒரு சாதாரணக் கோக் கேன் எப்போதும் இருக்கட்டும். திடீரென்று சர்க்கரை இறங்கி வியர்த்து நடுங்கினால் அரை கேன் குடிப்பது உடனடி உதவி. டயட் கேன் அப்போது பயன்படாது. பதினைந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மீண்டும் அதே அளவு கொடுத்து, கப்பல் மருத்துவரை அழையுங்கள்.

*மாக்டெயில்.* மது கலந்ததும் கலக்காததும் ஒரே மாதிரிக் கிளாஸ், ஒரே குடை, ஒரே பழத்துண்டு. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பிள்ளைகளுக்கும், மது தொடாத பெரியவர்களுக்கும் வாங்கும்போது "நோ ஆல்கஹால்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கொண்டுவந்து வைத்ததும் இன்னொருமுறை கேளுங்கள். கூட்டத்தில் மேசை மாறி வருவது உண்டு.

*கிருமி.* கப்பலில் நோரோவைரஸ் பரவினால் வாந்தியும் பேதியும் தளம் தளமாகப் போகும். எல்லாக் கைகளும் தொடும் இடம் பானக் குழாயும் தொடுதிரையும். குடித்த பாட்டிலின் வாயைக் குழாயில் முட்டவைத்து நிரப்பாதீர்கள். கிளாசில் பிடித்துப் பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். நிரப்பி முடித்துச் சாப்பிட உட்காருமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வாசலில் பீய்ச்சும் கைத்தெளிப்பு மட்டும் போதாது. ஆல்கஹால் தெளிப்புக்கு நோரோவைரஸ் அவ்வளவாக அடங்குவதில்லை.

*கடல் மயக்கம்.* ஜிஞ்சர் ஏல் கொடுத்தால் சரியாகிவிடும் என்பார்கள். அந்தப் பானத்தில் இஞ்சி மிகக் கொஞ்சம். வயிற்றுக்கு இதமாக இருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மருந்தாக நம்ப வேண்டாம். வாந்தி நிற்காமல் போனால் உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் தேவை. ஊரிலிருந்து நாலு பொட்டலம் எடுத்துவாருங்கள்.

கரை நாட்கள்

தொகுப்பு கப்பலுக்குள் மட்டும் செல்லும். நசா, கோசுமேல் போன்ற துறைமுகங்களில் கடையில் வாங்குவதற்கு உங்கள் காசுதான். ராயல் கரீபியனின் சொந்தத் தீவான பஹாமாஸ் கோகோகேயில் தொகுப்பு செல்லும். மற்ற நிறுவனங்களின் தீவுகளில் செல்லுமா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இறங்கும் முன் பஃபேயில் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்பிக்கொள்வது எல்லோருக்கும் கட்டாயம். கரீபிய வெயிலில் கோலா தாகத்தைத் தணிக்காது. கரையில் சில்லறைக் கடைகளில் ஐஸ் போட்ட பானத்தைத் தவிர்த்து, மூடி திறக்காத பாட்டிலாக வாங்குங்கள்.

பில்

கப்பலில் ரொக்கம் புழங்காது. அறை அட்டையில் எழுதி, கடைசியில் உங்கள் கடன் அட்டையில் பிடிப்பார்கள். இந்திய வங்கி அட்டையைக் கொடுக்கும் பெற்றோருக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமாக 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் போகும். அமெரிக்காவில் இருக்கும் மகனோ மகளோ தங்கள் அட்டையில் அறைகளை இணைத்துவிடுவது மேல்.

1. முதல் நாளே விருந்தினர் சேவை மேசைக்குப் போய், பிள்ளைகளின் அட்டையில் செலவு செய்யும் வசதியை நிறுத்துங்கள், அல்லது வரம்பு வையுங்கள். தொகுப்பு எடுத்த பிள்ளைக்கு இதனால் பானம் தடைபடாது என்பதையும் அங்கேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

2. ஒவ்வோர் இரவும் கப்பலின் செயலியிலோ அறைத் தொலைக்காட்சியிலோ கணக்கைப் பாருங்கள். தொகுப்பு இருந்தும் தனிக் கோப்பைக்கு விலை போட்டிருந்தால் அன்றே தெரியும்.

3. தவறு இருந்தால் மறுநாள் காலை, கூட்டம் சேருமுன் சேவை மேசைக்குப் போங்கள். எந்தப் பார், எந்த நேரம் என்று சொன்னால் பெரும்பாலும் உடனே நீக்கிவிடுவார்கள்.

4. சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ரசீதில், "கூடுதல் டிப்ஸ்" என்று ஒரு காலி வரி இருக்கும். அதை நிரப்பக் கட்டாயமில்லை. விரும்பிக் கொடுப்பதானால், தினமும் ஐஸ் கொண்டுவந்தவருக்குக் கையில் கொடுங்கள்.

5. கடைசி இரவு சேவை மேசையில் வரிசை கப்பலின் நீளத்துக்கு நிற்கும். இறங்கிய பிறகு மின்னஞ்சலில் தீர்ப்பது வாரக்கணக்கில் இழுக்கும். ஆகவே கடைசிக்கு முந்தைய இரவே பில்லை வரி வரியாகப் பார்த்து முடித்துவிடுங்கள்.